எண்சாண் உடம்பும் மூன்றேகால் சாண் இடமும்

காலை நீட்டி உட்காருவது என்பது எங்கள் கொங்கு நாட்டில் வெகுகாலம் வரை சௌகரியத்தைப் பற்றிய விஷயமாக இருந்ததில்லை. மரியாதையைப் பற்றிய விஷயமாகவே இருந்தது. திண்ணைக்குப் பெரியவர் ஒருவர் வந்துவிட்டால், அதுவரை நீட்டிக் கிடந்த கால்கள் யாரும் சொல்லாமலே மடங்கிக்கொள்ளும்; மடக்க முடியாத முழங்காலை உடைய கிழவர் மட்டும், "கால் புடிக்குதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சபையைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீட்டிக்கொள்வார். அந்த அனுமதிக்கு விலை கிடையாது. அதே காலை நீட்டிக்கொள்ள இன்ன வரிசையில் இன்ன தொகை என்று, கோயமுத்தூர் பீளமேட்டிலிருந்து கிளம்பும் விமானங்களில் இன்று விலைப்பட்டியல் இருக்கிறது. திண்ணைக்கும் அந்தப் பட்டியலுக்கும் இடையே ஏறத்தாழ நூற்றைம்பது வருஷத்துப் பிரயாணம் கிடக்கிறது. அதை மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவதுதான் முறை.

பேரூருக்கும் சென்னிமலைக்கும் தேர் பார்க்கப் போகும் குடும்பத்தை ஏற்றிச் சென்ற கூண்டு வண்டியில், அடியில் வைக்கோலைத் திம்மென்று பரப்பி, அதன்மேல் பவானி ஜமக்காளம் ஒன்றை நான்கு மூலையும் இழுத்துவிட்டு விரித்த பிறகு, யார் எங்கே உட்காருவது என்ற பேச்சே எழுவதில்லை. அச்சுக்கு நேர்மேலே, ஆட்டம் குறைந்த நடுவிடம் பாட்டிக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் உரியது. அவர்களைச் சுற்றிக் குழந்தைகளும் கட்டுச்சோற்றுத் தூக்கும் இருக்கும். கூண்டின் பின்வாசலில் காலை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு உட்காருவது இளவட்டங்களின் பாத்தியதை. காலுக்கு அதைவிடத் தாராளமான இடம் உலகத்தில் எந்த வாகனத்திலும் கிடைக்காது, வழியெல்லாம் கிளம்பும் புழுதி முழுவதையும் தின்ன வேண்டும் என்பதுதான் அதற்குரிய கட்டணம். இந்த ஏற்பாட்டைக் குலைக்கும் அதிகாரம் வண்டிக்காரன் ஒருவனுக்கே உண்டு. ஏற்றத்தில் நுகத்தடி காளையின் கழுத்தைவிட்டு மேலே தூக்கினால், "பின்பாரமாப் போச்சுங்க, ரெண்டு பேரு முன்னால வாங்க" என்பான். இறக்கத்தில் முன்பாரம் அழுத்தினால் பின்னே தள்ளச் சொல்வான். மிட்டாதாரர் வீட்டு வில்வண்டியானாலும் சரி, அதில் மெத்தையும் திண்டும் போட்டிருந்தாலும் சரி, முன்பாரம் பின்பாரம் என்ற கணக்குக்கு முன்னால் அந்தஸ்து நிற்காது.

அந்தஸ்தை ஆசனத்தோடு சேர்த்து அச்சடித்து விற்றது ரயில். 1856-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தென்னாட்டின் முதல் பிரயாணிகள் ரயில் பாதை, சேலத்தையும் ஈரோட்டையும் கடந்து 1862-இல் போத்தனூரைத் தொட்டு, மேல்கரையிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. கோயமுத்தூர் நகரமோ பாதைக்குச் சற்று விலகி நின்று, 1873-இல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்ட பிறகே தன் ஸ்டேஷனைப் பெற்றது. மெத்தை வைத்த முதல் வகுப்பில் கலெக்டரும் தோட்டத்துரையும் படுத்துக்கொண்டு போனார்கள்; வக்கீல்களும் பெரிய வியாபாரிகளும் இரண்டாம் வகுப்பு; மற்ற ஜன சமுத்திரம் முழுவதும் பலகை பெஞ்சு போட்ட மூன்றாம் வகுப்பு. இன்னாருக்கு இன்ன இடம் என்று வண்டியில் வயசும் உடல்நிலையும் தீர்மானித்துக்கொண்டிருந்ததை, இங்கே கைக்கு அடக்கமான ஓர் அட்டைத் துண்டு தீர்மானித்தது. துரையின் பெட்டியில் நம்மவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினாலும் இறக்கிவிட்ட சம்பவங்கள் உண்டாகையால், பணம் ஒன்றே அங்கே அளவுகோலாக இருந்தது என்று சொல்லிவிடவும் முடியாது.

1917-இல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தியடிகள், 22 பேருக்கென்று எழுதியிருந்த அந்தப் பெட்டியில் வழியின் பெரும்பகுதியிலும் 35 பேருக்குக் குறையாமல் இருந்தார்கள் என்று எழுதிவைத்தார். முதல் வகுப்புக்கு மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் வாங்குகிறார்களே, அந்த வகுப்பில் கிடைக்கும் வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது, பத்தில் ஒரு பங்காவது இங்கே கிடைக்கிறதா என்று அவர் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏழைக்கு இரங்குங்கள் என்று அவர் கேட்கவில்லை. கொடுத்த காசுக்குச் சரக்கை நிறுத்துக் கொடு என்று ஒரு வணிகர் குலத்துப் பிள்ளைக்குரிய கண்டிப்போடு கேட்டார். இடத்தை விற்பவனிடம் இதைவிடப் பொருத்தமான கேள்வி அதற்குப் பின்னும் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த 35 பேரில் உட்காரும் 22 பேர் யார் என்பதை நிச்சயித்தது துண்டு. தோளில் கிடக்கும் துண்டு வெயிலுக்கு முண்டாசு, வியர்வைக்குக் கைக்குட்டை, பெரியவர் முன்னால் இடுப்பில் இறங்கும் பணிவு என்று பல உத்தியோகங்களைப் பார்த்துவந்தது; ரயிலும் பஸ்ஸும் வந்த பிறகு இன்னும் ஓர் உத்தியோகம் அதற்குச் சேர்ந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக எறியப்பட்டு, பலகையின்மேல் விழுந்த துண்டு, எறிந்தவன் கூட்டத்தை நீந்தி உள்ளே வந்து சேரும்வரை அவனுடைய பிரதிநிதியாக அங்கே வீற்றிருக்கும். அதற்குச் சட்டத்தின் ஆதரவு எதுவும் கிடையாது. ஆனாலும் பிறர் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காருகிறவனை ஊர் மதிக்காது. வண்டி புறப்படும் ஸ்டேஷன்களில் சில கூலிகள், பெட்டி பிளாட்பாரத்துக்கு வருமுன்பே ஏறிப் படுத்துக்கொண்டு, ஜன்னலோரம் வேண்டியவரிடம் சில அணாக்களை வாங்கிக்கொண்டு எழுந்து இடம் கொடுத்தார்கள். ஆசனத்தைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் என்பதை ஏதோ இந்த நூற்றாண்டின் கம்ப்யூட்டர் மூளை கண்டுபிடித்ததாக நினைப்பவர்கள், சிவப்புச் சட்டைக்காரர்களின் முன்னுரிமையை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் கதையே வேறு. 1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் உதகமண்டலம் வரைக்கும் போடப்பட்ட மலைப் பாதையில், கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் தொடங்குகிறது. பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏறும் அந்தச் செங்குத்தில், எஞ்சின் பெட்டிகளை முன்னாலிருந்து இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆகவே வண்டியின் தலைமாட்டில் கரியும் புகையும் இல்லாமல், குகையும் பாலமும் பள்ளத்தாக்கும் எதிரே விரிந்து வரும் ஓர் இடம் தானாக உண்டாயிற்று. ரயில்காரர்கள் அதைச் சும்மா விடுவார்களா? முதல் வகுப்பை அங்கே வைத்தார்கள். மெத்தையை விற்றவர்கள் முதல்தடவையாகக் கண்ணுக்கு விருந்தை விற்ற இடம் எங்கள் ஜில்லாவின் ஓரத்தில்தான் என்று சொல்ல எனக்கு ஆசை. உலகத்து மலை ரயில்களையெல்லாம் பார்த்தவர்கள் மறுக்கக்கூடும். ஆனால் மலை இறங்கும்போதும் எஞ்சின் பள்ளத்துப் பக்கமே நிற்பதால், காலையில் எல்லோருக்கும் முன்னால் போன சீமான்கள் மாலையில் எல்லோருக்கும் கடைசியாக, பின்னோக்கி நகரும் மலையைப் பார்த்துக்கொண்டு வந்து சேர்கிறார்கள் என்பது அந்தப் பாதையில் நான் ரசிக்கும் நியாயம்.

பஸ்ஸுக்கு வருவோம். 1920-இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸைத் தாமே ஓட்டத் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்த யு.எம்.எஸ். கம்பெனி இந்த வட்டாரத்து ஜனங்களுக்கு நேரம் தவறாமையைக் கற்றுக்கொடுத்தது. பஸ்ஸில் வகுப்பு வித்தியாசம் ரயில் அளவுக்கு வேரூன்றவில்லை. இடங்களுக்குள் வித்தியாசம் மட்டும் நிறைய இருந்தது. டிரைவருக்குப் பக்கத்திலிருக்கும் இடம் மணியக்காரருக்கும் போலீஸ்காரருக்கும் தானாகக் காலியாகும். அதன் கௌரவத்தோடு எஞ்சின் சூட்டையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும். சக்கரத்துக்கு மேலே உள்ள சீட்டில் உட்கார்ந்தவனுக்கு முழங்கால் மோவாயைத் தொடும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ்களிலோ, முதுகில் கட்டியிருந்த கரி அடுப்பின் வெக்கையில் கடைசி சீட்டுக்காரர்கள் வெந்தார்கள். இத்தனைக்கும் டிக்கெட் ஒரே விலைதான். நல்ல இடம் முந்தியவனுக்கும் துண்டு எறியும் கை உள்ளவனுக்கும் உரியது. 1972-இல் சேரன் போக்குவரத்துக் கழகம் உண்டாகிச் சர்க்கார் பஸ்கள் வந்த பிறகும் காந்திபுரத்தில் தீபாவளிக்கு முந்தின இரவில் ஜன்னல் வழியே துண்டும் மஞ்சள் பையும், சில சமயம் குழந்தையுமே உள்ளே போவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் இந்த வியாபாரம் தலைகீழாகத் திரும்புவதுபோல் தோன்றிற்று. 1955-இல் பழைய முதல் வகுப்பை எடுத்துவிட்டு, இரண்டாம் வகுப்பை முதலாவது என்றும், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருந்த இன்டர் வகுப்பை இரண்டாவது என்றும் பெயர் மாற்றினார்கள். 1974-இல் மூன்றாம் வகுப்பு என்ற பெயரே போயிற்று. பெயரை மாற்றினால் பலகை மெத்தையாகிவிடுமா என்று கேட்டவர்களுக்கு, 1977-இல் ரயில்வே மந்திரியான மது தண்டவதே பதில் சொன்னார்: இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பலகைகளின்மேல் இரண்டு அங்குல நுரைமெத்தை. இந்திய ஜனங்களுக்கு அங்குலக் கணக்கில் வழங்கப்பட்ட சலுகைகளில் அதைவிட உயர்ந்தது ஒன்று உண்டா என்பது சந்தேகம். அதற்காகக் கூடுதல் கட்டணம் செலுத்தி இந்தப் பலகையைத் தேர்ந்தெடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அதே வருஷம்தான் கோவை எக்ஸ்பிரஸும் ஓடத் தொடங்கி, கோயமுத்தூருக்கும் சென்னைக்கும் இடையே பகல் பிரயாணத்தை வழக்கமாக்கிற்று.

ஆகாயத்தில் வகுப்பு இருக்கவில்லை. இருப்பதற்கு இடமும் இல்லை. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த சிறு விமானம் தபாலுக்காகப் பறந்தது. முதல் வருஷம் முழுவதிலும் அந்தக் கம்பெனி ஏற்றிச் சென்ற பிரயாணிகள் 155 பேர்தான். பீளமேட்டில் 1940-இல் விமானத் தளம் அமைந்து, பிற்பாடு டக்கோட்டாக்கள் இறங்கிய நாட்களில், ஆலை முதலாளிகளும் பெரிய உத்தியோகஸ்தர்களும் மட்டுமே அறிந்திருந்த அனுபவம் ஒன்று உண்டு. டக்கோட்டா தரையில் நிற்கும்போது வாலைத் தாழ்த்தி மூக்கை நிமிர்த்தி நிற்கும். பின்கதவு வழியாக ஏறியவர் முன் வரிசைக்குப் போக வேண்டுமானால், கோயில் படி ஏறுகிறவர்போல் ஆசன முதுகுகளைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடக்க வேண்டும். பிரயாணிகள் குறைவாக இருந்தால், பாரம் சரியாக நிற்கும்படி அவர்களை இடம் மாற்றி உட்காரச் சொல்வது சிறு விமானங்களில் இன்றும் உள்ள வழக்கம். பின்பாரமாப் போச்சுங்க என்ற அதே பேச்சுத்தான். சொல்பவர் தொப்பி அணிந்திருப்பார் என்பது மட்டுமே வேற்றுமை.

வெளிநாட்டுக் கம்பெனிகள் 1952-இல் அட்லாண்டிக் கடலுக்குக் குறுக்கே மலிவு விலையில் டூரிஸ்ட் வகுப்பையும், 1958-இல் அதிலும் மலிவாக எகானமி வகுப்பையும் கொண்டுவந்தபோது, விலையைக் குறைப்பதற்கு வழி ஆசனங்களை நெருக்கிப் போடுவதுதான் என்ற உபாயம் பிறந்தது. விமானத்தின் தரையில் நீளவாக்கில் தண்டவாளம்போல் சட்டங்கள் ஓடுகின்றன. ஆசனங்கள் அவற்றில் பூட்டப்பட்டிருப்பதால் வேண்டியபடி முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஒரு ஆசனத்தின் ஓர் இடத்திலிருந்து முன்னிருக்கும் ஆசனத்தின் அதே இடம் வரை அளந்து, அதைப் 'பிட்ச்' என்கிறார்கள். வரிசைக்கு ஆறு பேராக முப்பது வரிசை உள்ள விமானத்தில் ஒவ்வொரு வரிசையிலும் ஓர் அங்குலத்தைத் திருடினால் முப்பது அங்குலம் சேரும்; ஒரு புது வரிசை, ஆறு புது டிக்கெட். இன்று மலிவு விமானங்களில் அந்த அளவு 28-லிருந்து 31 அங்குலம் வரை இருக்கிறது. நம் கணக்கில் ஒரு சாணுக்கு ஒன்பது அங்குலம். எண்சாண் உடம்பு என்று முன்னோர் பேசிய இந்தச் சரீரத்தைச் சுமார் மூன்றேகால் சாணில், அதுவும் முன் ஆசனத்து முதுகின் கனம் போக மிஞ்சியதில், மடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

மலிவு விமானத்தை இந்த நாட்டில் சாதாரண ஜனங்களுக்குத் திறந்துவிட்டவர் ஹாஸன் ஜில்லா கோரூர்க்காரரான கேப்டன் கோபிநாத். 2003-இல் தொடங்கிய அவருடைய ஏர் டெக்கானில் ஆரம்பத்தில் ஆசன எண்ணே கிடையாது. முந்தியவருக்கு முதலிடம் என்ற பஸ் ஸ்டாண்டு தர்மம் அப்படியே ஆகாயம் ஏறிற்று. வேட்டியும் மஞ்சள் பையுமாக விமானத்தை நோக்கி ஓடிய ஜனங்களைப் பார்த்துச் சிரித்த பத்திரிகைகள் இருந்தன. எனக்கென்னவோ அந்த ஓட்டத்தில் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. காலில் வலு உள்ளவன் ஜன்னலோரம் பிடித்தான், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து 2005-இல், மதுரைப் பஞ்சாலைக் குடும்பம் ஒன்று பாரமவுண்ட் என்ற பெயரில் நேர் எதிரான பரீட்சையைச் செய்தது. பிரேசில் தேசத்து எம்ப்ரேயர் விமானங்களில் வரிசைக்கு இரண்டிரண்டு ஆசனம். நடு ஆசனம் என்ற தண்டனையே இல்லை. எல்லா இடமும் உயர்ந்த இடம். சென்னைக்கும் கோவைக்கும் மதுரைக்கும் பறந்த அந்த விமானத்தில் ஒருமுறை போனவர்கள், முழங்காலுக்கும் முன் ஆசனத்துக்கும் இடையே இருந்த காற்றைப் பற்றி வெகு நாள் பேசினார்கள். எல்லோருக்கும் இடம் தாராளம் என்ற அந்த ஏற்பாடு 2010-இல் நின்றுபோயிற்று. அதற்குப் பல காரணங்கள். ஆனால் பிழைத்து நின்றது ஆசனங்களை நெருக்கிப் போடும் மலிவு ஏற்பாடு என்பதைக் கவனிக்க வேண்டும்.

2013-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விரும்பிய ஆசனம், சாப்பாடு முதலியவற்றுக்குத் தனித்தனியே கட்டணம் வாங்கலாம் என்று கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. அப்போதுதான் விமானத்தில் காலுக்கு இடமுள்ள வரிசைகள் எவை என்று எல்லோரும் தேடத் தொடங்கினார்கள். முதல் வரிசை ஒன்று. மற்றது நடுவிலுள்ள அவசர வழி வரிசை. இந்த இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஆபத்து நேர்ந்தால் ஜனங்கள் முண்டியடிக்காமல் வெளியேறுவதற்காகக் காலியாக விடப்பட்ட சந்து அது. யாருடைய காலையும் நினைத்து உண்டானதல்ல. கதவைத் திறக்க உடம்பில் வலு வேண்டும் என்பதால் முதியவர்களையும் குழந்தைகளையும் அங்கே அமர்த்துவதில்லை. ஆக, அந்த வரிசையில் முழங்கால் வலிக்காத வாலிபனுக்கு மட்டுமே காலை நீட்டும் உரிமை விற்பனைக்கு இருக்கிறது. வண்டியில் அச்சுக்கு மேலே பாட்டியை உட்காரவைத்த ஏற்பாடு முழுவட்டமாகச் சுற்றி எதிர்முனைக்கு வந்துவிட்டது. கட்டணம் செலுத்தாத குடும்பங்கள் ஆளுக்கு ஒரு மூலையாகச் சிதறுவது வழக்கமாகிவிடவே, 12 வயது வரையுள்ள குழந்தைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் பக்கத்திலாவது இடம் கொடுக்க வேண்டும் என்று 2024-இல் அதே இயக்குநரகம் உத்தரவிட நேர்ந்தது. கிழவனையும் கிழவியையும் சேர்த்து உட்காரவைக்க உத்தரவு எதுவும் அதில் இல்லை.

சென்ற தை மாதம் பீளமேட்டிலிருந்து சென்னைக்குப் போன விமானத்தில் எனக்கு ஜன்னலோரம் வாய்த்தது. நடு ஆசனத்துக்கு அப்பால், நடைவழி ஓரத்தில், காங்கேயம் பக்கத்துக் குடியானவர் ஒருவர் வெள்ளை வேட்டியோடு வந்து அமர்ந்தார்; அமர்ந்த கையோடு தோளிலிருந்த துண்டை எடுத்து நடு ஆசனத்தின்மேல் போட்டார். எண்கள் அச்சிட்ட ஆசனத்தின்மேல் அந்தத் துண்டு கிடந்த கிடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். காதில் ஒலிக்கருவி செருகிய இளைஞன் ஒருவன் வந்து நின்று, தன் போர்டிங் பாஸையும் மேலே இருந்த எண்ணையும் துண்டையும் மாறிமாறிப் பார்த்தான்.

"ஆள் வருதுங் தம்பி" என்றார் அவர்.

"இது என்ற சீட்டுங்களே" என்றான் அவன். அவனும் நம் பக்கத்துப் பிள்ளைதான்.

"தெரியுமுங்க. அம்மணிய இருபத்தாறுல கொண்டுபோய் ரெண்டு ஆம்பளைக்கு நடுவுல உக்கார வெச்சுட்டாங்க."

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். காதிலிருந்ததைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் இருபத்தாறை நோக்கி நடந்தான். சற்று நேரத்தில் அந்த அம்மாள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கிழவர் எழுந்து, துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, வழிவிட்டார். அம்மாள் உட்கார்ந்ததும் முழங்கால் முன் ஆசனத்தின் முதுகில் இடித்தது. கிழவர் துண்டை நான்காக மடித்து, முழங்காலுக்கும் ஆசனத்துக்கும் நடுவே செருகி வைத்தார்.